ஒன்பதாம் மாடியின் நான்கு ஹீற்றர்கள்

ஒக்ரோபர் 14, திங்கள்

இன்று சி புளொக்கின் காஸை நிறுத்திவிட்டார்கள். சுவருக்குள் போகும் பழைய காஸ் குழாய் கசிகிறதாம். ஏ, பி புளொக்குகளில் புதிய சூடு வரும்வரை பழைய பொயிலர்கள் ஓடும். சி புளொக்கில் இன்றிலிருந்து ஒன்றும் இல்லை.

காலையிலிருந்து எழுபத்திரண்டு கதவுகளைத் தட்டினேன். பன்னிரண்டு மாடி, மாடிக்கு ஆறு வீடு. எல்லோரிடமும் ஒரே கதைதான். ஆற்றங்கரையில் பெரிய இயந்திரங்கள் வைத்திருக்கிறோம். அவை ஆற்றுத் தண்ணீரில் இருக்கும் கொஞ்சச் சூட்டை இழுத்து எடுத்துக் கூட்டும். சுடுதண்ணீர் தெருவுக்கு அடியால் குழாயில் வந்து மூன்று புளொக்குகளுக்கும் நூலகத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் போகும். காஸ் எரிக்கத் தேவையில்லை, புகை இல்லை. நவம்பர் கடைசியில் வந்துவிடும். இந்தக் கதையைச் சொல்லத்தான் கொம்பனி எனக்குச் சம்பளம் தருகிறது.

9/3இல், அதாவது ஒன்பதாம் மாடியின் மூன்றாவது வீட்டில், ஒரு தமிழர். தில்லையம்பலம் என்று பெயர், எழுபத்துநான்கு வயது, வல்வெட்டித்துறை. இருபத்திரண்டு வருடம் கப்பல்களில் எஞ்சின் ரூமில் வேலை செய்தவர். மனைவி இல்லை. மகள் ரொறன்ரோவில். நான் கொடுத்த துண்டுப்பிரசுரத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் குழாய்ப் படம் கீறினார்.

"போற குழாய் ஒண்டு, வாற குழாய் ஒண்டு. திரும்பி வாற தண்ணி எத்தினை பாகையிலை வரும் பிள்ளை?"

எனக்குத் தெரியவில்லை. மனேஜர் கிரெய்க்குக்குப் போன் எடுத்துக் கேட்டேன். எட்டு மாத வேலையில் இதை ஒருவரும் கேட்டதில்லை என்று கிரெய்க் சிரித்தான். நாற்பது என்றான்.

"நாப்பதோ? அப்ப வடிவாத்தான் செய்யிறாங்கள்," என்றார் ஐயா. தேத்தண்ணி குடிக்காமல் விடவில்லை.

நவம்பர் 6, புதன்

தேவாலய மூலையில் தெருவைக் கிண்டியபோது எந்த வரைபடத்திலும் இல்லாத செங்கல் வாய்க்கால் ஒன்று அகப்பட்டதாம். வேலையை நிறுத்திவிட்டார்கள். இரண்டு வாரம் தாமதம் என்கிறான் கிரெய்க். அவன் முகத்தைப் பார்த்தால் இரண்டு வாரமாகத் தெரியவில்லை.

சின்ன மகளுக்குக் குளிர்ச் சப்பாத்து வாங்கினேன். போன வருடத்தது கடிக்கிறது.

நவம்பர் 21, வியாழன்

முதல் பனி. செவ்வாய்க்கிழமை, சூடு வரும்வரை பாவிக்க மின்சார ஹீற்றர்கள் வந்தன. மின்சாரக்காரர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். புளொக்கின் வயர்கள் ஐம்பது வருடப் பழசு. ஒரு மாடிக்கு நான்கு ஹீற்றர்தான் தாங்கும். ஐந்தாவதைப் போட்டால் அந்த மாடி முழுவதும் இருண்டுவிடும்.

ஆறு வீடு, நான்கு ஹீற்றர். யாருக்கு என்ற பட்டியலை நான்தான் எழுத வேண்டும். வயது, வருத்தம், வைத்தியரின் கடிதம் என்று பார்த்துப் பார்த்து இரண்டு நாள் எழுதினேன். ஒன்பதாம் மாடி சுலபமாக முடிந்தது. 9/1 மிஸிஸ் மக்கே, தொண்ணூற்றொரு வயது. 9/2 ஸ்டுவர்ட், முப்பத்தெட்டு, ஆஸ்துமாக் கடிதம். 9/3 ஐயா, இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். 9/4இல் ஒரு கால் இல்லாதவர். 9/5 ஷோனா பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போய்விட்டாள். 9/6 பூட்டிக் கிடக்கிறது.

ஐயா ஹீற்றரைப் பிரித்து, பின்மூடியைக் கழற்றி, உள்ளே பார்த்துவிட்டுத்தான் போட்டார்.

டிசம்பர் 2, திங்கள்

புதிய திகதி ஜனவரி நடுப்பகுதி. மறுபடி எழுபத்திரண்டு கதவுகள்.

9/2இல் ஸ்டுவர்ட் நான் கொடுத்த புதிய திகதிக் கடிதத்தைக் கிழித்து என் காலடியில் போட்டான். உன் வீட்டில் சூடு இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்வது. அவன் கத்தியதில் மிஸிஸ் மக்கே கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். இனி 9/2ஐத் தட்டுவதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்துக்கொண்டேன்.

ஐயாவுக்கும் கேட்டிருக்கிறது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"உள்ளுக்கை வாங்கோ பிள்ளை. அவன் ஆத்திரத்திலை கத்துறான். உங்களிலை கோவமில்லை."

செங்கடலில் போகும்போது எஞ்சின் ரூமில் ஐம்பது பாகை இருக்குமாம். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் நிற்க முடியாதாம். "அந்தச் சூட்டுக்குப் பயந்து வேலையை விட்டனான். இப்ப பாருங்கோ," என்று சிரித்தார். மேசையில் வெப்பமானி ஒன்று வைத்திருக்கிறார். பதினேழு காட்டியது.

டிசம்பர் 10, செவ்வாய்

ஷோனா 9/5க்குத் திரும்பிவிட்டாள். ஆறு நாள் ஆண்குழந்தை. ஹோட்டலில் அறை தருகிறோம் என்றேன், மறுத்துவிட்டாள். தாய் ஏ புளொக்கில் இருக்கிறாளாம், தாயை விட்டுத் தூரம் போகமாட்டாளாம். தாயின் வீட்டிலேயே இருக்கலாமே என்றால் அங்கே ஏற்கெனவே ஐந்து பேர்.

பின்னேரம் ஷோனாவின் தங்கை ஒரு படத்தை இணையத்தில் போட்டிருக்கிறாள். இரண்டு தொப்பி போட்ட குழந்தை. கீழே எங்கள் கொம்பனியின் பெயர். மூன்று மணித்தியாலத்தில் நாலாயிரம் பேர் பகிர்ந்துவிட்டார்கள்.

கிரெய்க் போன் எடுத்தான். வெள்ளிக்கிழமை மாநகரசபை ஆட்கள் ஆற்றங்கரைக்குப் படம் எடுக்க வருகிறார்கள். "அதற்கு முன் இதை முடி. ஒன்பதாம் மாடிக்குள்ளேயே ஒரு வழி பார்."

டிசம்பர் 11, புதன்

9/5க்கு ஹீற்றர் கொடுத்தாயிற்று. 9/3 ஐயா தானாகவே விட்டுக்கொடுத்தார். படிவத்தில் கையெழுத்து வாங்கினேன்.

மீன் வாங்க மறந்துவிட்டேன். இரவுக்கு முட்டைப் பொரியல்.

டிசம்பர் 13, வெள்ளி

படம் எடுப்பு நல்லபடி முடிந்தது. காற்றில் எல்லோருடைய தொப்பியும் பறந்தது. ஷோனாவின் தங்கை பழைய படத்தை எடுத்துவிட்டாள். பிரச்சினையை இருபத்துநான்கு மணித்தியாலத்தில் தீர்த்தவள் இவள்தான் என்று கிரெய்க் எல்லோருக்கும் முன்னால் சொன்னான். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். படத்தில் இரண்டாவது வரிசையில் இருக்கிறேன்.

டிசம்பர் 16, திங்கள்

மைனஸ் ஏழு. ஐயாவுக்குப் போன் எடுத்தேன்.

"நல்லாயிருக்கிறன் பிள்ளை. குசினியிலை கறண்ட் அடுப்பைப் போட்டு, அதின்ரை போறணைக் கதவைத் திறந்துவைச்சுப்போட்டு முன்னாலை இருக்கிறன். எஞ்சின் ரூம் மாதிரித்தான்."

"கனநேரம் அப்பிடி இருக்காதேங்கோ ஐயா. நான் நாளைக்கு ரெண்டு போர்வையோடை வாறன்."

"ஆறுதலா வாங்கோ. உங்களுக்கு எத்தினை வேலை." இருமினார். போனை வாயிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு இருமியிருக்க வேண்டும், சத்தம் தூரத்தில் கேட்டது.

டிசம்பர் 17, செவ்வாய்

பி புளொக்கில் கூட்டம், நான்கு மணித்தியாலம். போர்வைகள் காரில்.

டிசம்பர் 18, புதன்

இன்றும் மேலே போகவில்லை. லிஃப்ற் வேலை செய்யவில்லை என்று எழுதலாம். வேலை செய்தது.

டிசம்பர் 20, வெள்ளி

காலை ஒன்பதரைக்குக் காவலாளி டேவி போன் எடுத்தான். 9/3இன் வாசலில் இரண்டு நாள் பால் எடுக்காமல் கிடக்கிறது என்றான். கதவுத் திறப்பு என்னிடம் இருந்தது, போய்த் திறந்தேன்.

ஐயா குசினிக் கதிரையில் இருந்தார். கோட், கம்பளித் தொப்பி, இரண்டு சோடிக் காலுறை. அடுப்பின் போறணைக் கதவு திறந்திருந்தது. அடுப்பு நின்றிருந்தது. அவரே நிறுத்தினாரா என்று தெரியவில்லை. டேவி கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். மேசையில் வெப்பமானி எட்டு காட்டியது.

பொலிஸ் வந்தது. பெயர் கேட்டார்கள், எழுத்துக்கூட்டிச் சொன்னேன். மகளின் நம்பர் கேட்டார்கள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே என்னுடைய நம்பர்.

டிசம்பர் 21, சனி

வீட்டை விட்டு வெளியே போகவில்லை. கணவர் குகன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

"நீர் ஒண்டும் பிழை செய்யேல்லை. அவர் தானாத் தந்தவர். நீர் அவரிட்டைப் பறிச்சனீரோ?"

"இல்லை."

"பேந்தென்ன?"

எங்கள் வீட்டு ரேடியேற்றர்களை நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் பள்ளிக்கூட ஜக்கெற்றோடு சாப்பிட்டார்கள். பெரியவள் அழுதாள். திரும்பப் போட்டேன்.

ஒன்றை எழுத வேண்டும். 11ஆம் திகதி நான் ஐயாவிடம் போனபோது அந்த ஹீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. பாவிக்காமல் மூலையில் கிடக்கவில்லை.

டிசம்பர் 23, திங்கள்

வைத்தியரின் முடிவு: இதயம். குளிரும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

கொம்பனி விசாரணை வைக்கிறது. கிரெய்க் என் கோப்பைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஒழுங்கான காகிதங்களை நான் கண்டதில்லை. நீ பயப்பட ஒன்றும் இல்லை," என்றான். மேசைக்கு மேலால் ஒரு சொக்கலேற் பெட்டியைத் தள்ளினான். நத்தார்ப் பரிசு.

ஜனவரி 8, புதன்

தகனம். பதினாறு பேர். அதில் தமிழர் ஒன்பது பேர். கோவிலில் இருந்து வந்த ஒருவர் தேவாரம் பாடினார். மிஸிஸ் மக்கே சக்கர நாற்காலியில் வந்திருந்தார்.

மகள் நளாயினி ரொறன்ரோவில் இருந்து வந்திருக்கிறாள். நாற்பது வயதிருக்கும். தகப்பனின் நெற்றி. எல்லாம் முடிந்ததும் என்னைத் தேடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கள்தானே கௌரியக்கா. அப்பா போனிலை உங்களைப் பற்றித்தான் கதைப்பார். ஒரு பிள்ளை வந்து பாத்துக்கொள்ளுது எண்டு சொல்லுவார். அதாலைதான் நான் பயப்பிடாமல் இருந்தனான்."

சொல்லியிருக்க வேண்டும். சாப்பிட்டீங்களோ என்று கேட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

விசாரணை முடிவு வந்தது. இரண்டு பக்கம். ஒருவர் மேலும் தவறில்லை. 'குடியிருப்பாளர் சாதனத்தைத் தாமாக முன்வந்து ஒப்படைத்தார். கையெழுத்து உள்ளது.' அந்த வசனம் நான் எழுதியது. படிவத்தில் இருந்து எடுத்து அப்படியே போட்டிருக்கிறார்கள்.

மூன்று பேர் என்னைக் கேள்வி கேட்டார்கள். அவர் தந்தாரா என்று கேட்டார்கள். நீ எப்படிக் கேட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

டிசம்பர் 11 காலை பத்து மணிக்குப் போனேன். லிஃப்றை விட்டு இறங்கினால் முதலில் 9/1, பிறகு 9/2. அதைக் கடந்து போனேன். ஐயா ஹீற்றருக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாதி தந்தார். தின்றேன். தின்றுகொண்டே சொன்னேன்.

"ஐயா, அங்காலை 9/5இலை ஏழு நாள் பச்சைப்பிள்ளை. ஒரு சூடும் இல்லாமல் கிடக்கு."

அவர் ஹீற்றரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தேன். அவர் சொல்லும்வரை காத்திருந்தேன்.

"வேறை ஆரிட்டையாவது கேட்டுப் பாத்தனீங்களோ பிள்ளை?"

"எல்லாரிட்டையும் கேட்டிட்டன் ஐயா. ஒருத்தரும் தரமாட்டினமாம்."

ஒருவரையும் கேட்டிருக்கவில்லை.

"அப்ப கொண்டுபோங்கோ. பிள்ளையெல்லோ."

பிளக்கைத் தானே கழற்றினார். கொஞ்சம் ஆறட்டும், கை சுடும் என்றார். பரவாயில்லை என்று என் சால்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டேன். பதினொரு மணிக்குக் கிரெய்க்குக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. படிவத்தை நீட்டினேன். ஆங்கிலத்தில் இருந்தது. வாசிக்காமல் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

9/1இல் கிழவி. 9/4இல் கால் இல்லாதவர். 9/2இல் கத்துகிறவன். 9/3இல் எங்கள் ஆள். இல்லையென்று சொல்லமாட்டார். அது எனக்குத் தெரியும். அது தெரிந்துதான் அந்தக் கதவுக்குப் போனேன்.

ஜனவரி 20, திங்கள்

சூடு வந்துவிட்டது. கீழ்மாடியில் இருந்து மேலே, ஒரு நாளைக்கு நான்கு மாடி. முதலாம் மாடியில் ஒரு மனுசி ரேடியேற்றரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள். ஆற்றங்கரை இயந்திரங்கள் ஒரு பிழையும் இல்லாமல் ஓடுகின்றன. நல்ல வேலை. அதைச் சொல்லத்தான் வேண்டும், உண்மையிலேயே நல்ல வேலை. புகை இல்லை, சத்தம் இல்லை. இன்னும் நாற்பது வருடம் இந்த வீடுகளுக்குக் குளிராது.

ஜனவரி 22, புதன்

இன்று ஒன்பதாம் மாடி. வால்வு திறக்க இயன் என்ற தொழில்நுட்பக்காரன் வந்தான். அவன் ஒவ்வொரு வீடாகத் திறந்துகொண்டு போக, நான் பின்னால் தள்ளுவண்டியோடு ஹீற்றர்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன்.

9/2. தட்டினேன். ஸ்டுவர்ட் திறந்தான். கத்தவில்லை. அலமாரிக்குள் இருந்து பெட்டியை எடுத்துவந்தான். பெட்டியின் மேல் ஒட்டிய நாடா அப்படியே இருந்தது.

"இதை நீங்கள் பாவிக்கவில்லையா?"

"நவம்பர் கடைசியிலிருந்து நான் அக்கா வீட்டில், கடிதம் எடுக்கத்தான் இங்கே வருவேன். சூடில்லாத வீட்டில் நான் ஏன் கிடக்க வேண்டும்?" என்றான். பிறகு 9/3இன் கதவைப் பார்த்தான். "அந்த மனிதரின் கதை கேள்விப்பட்டேன். அவரிடம் ஹீற்றர் இல்லையாமே. என்னிடம் ஏன் ஒருவரும் கேட்கவில்லை?"

பெட்டியை வண்டியில் வைத்தேன். அவன் கதவைச் சாத்திவிட்டான்.

9/3இல் நளாயினி தகப்பனின் உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு விமானம். வீட்டுக்குள்ளும் கோட் போட்டிருந்தாள். இயன் எனக்கு முன்னமே வந்து திறந்துவிட்டிருந்தான். ஒவ்வொரு வீட்டின் அளவும் கீழே கணினியில் பதிவாகிறது, இன்று முழுவதும் வால்வைத் தொட வேண்டாம் என்று என்னிடமும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

நளாயினி ரேடியேற்றரில் கை வைத்துப் பார்த்தாள். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள்.

"வடிவாச் சுடுது அக்கா. அப்பா இதைப் பற்றி எனக்கு ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினவர். ஆத்திலை இருந்து சூடு வருமாம் எண்டு. நான் வேலை செய்துகொண்டே ஓம் ஓம் எண்டு கேட்டனான்."

"நளாயினி, ஒரு கதை சொல்லவேணும்."

நின்றபடியே சொன்னேன். தோடம்பழத்தில் இருந்து, நான் சொன்ன பொய்யில் இருந்து, இப்போது வண்டியில் கிடக்கிற உடைக்காத பெட்டி வரைக்கும். போர்வைகள் நான்கு நாள் என் காரில் கிடந்ததையும் சொன்னேன். அவள் ஒரு சுவெற்றரை மடித்துக்கொண்டிருந்தாள். பாதியில் மடிப்பது நின்றது.

"அப்ப, நீங்கள் ஒருத்தரையும் கேக்கேல்லை."

"இல்லை."

"அப்பாவிட்டை ஏன் வந்தனீங்கள்?"

"இல்லையெண்டு சொல்லமாட்டாரெண்டு தெரியும்."

அவள் கட்டிலின் விளிம்பில் இருந்தாள். ரேடியேற்றருக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"எனக்கும் அவர் ஒருக்காலும் இல்லையெண்டு சொல்லேல்லை," என்றாள். "நாலு வருசமா, இந்த முறை வரேலாது அப்பா, லீவில்லை எண்டு சொல்லுறன். ஓம் பிள்ளை, அதுக்கென்ன எண்டுவார். அவ்வளவுதான்."

நான் அவளுக்குப் பக்கத்தில் போகப் பார்த்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் உங்களை மன்னிக்கிறதுக்காண்டி இதைச் சொல்லேல்லை. நீங்கள் அப்பிடி விளங்கிக்கொண்டு வீட்டை போகக்கூடாது."

"இல்லை. விளங்குது."

"அந்தக் கொம்பனிக்காரருக்கு இதைச் சொன்னனீங்களோ?"

"இன்னும் இல்லை."

"சொல்லுங்கோ. எழுதிக் குடுங்கோ. கடதாசியிலை அப்பா தானா விரும்பிக் குடுத்ததெண்டு கிடக்கு. அது அப்பிடிக் கிடக்கக்கூடாது."

சரி என்றேன். அவள் சுவெற்றரை மடித்து முடித்தாள். அறை நன்றாகச் சூடேறிவிட்டது. கண்ணாடி ஜன்னலில் ஈரம் பிடித்து வழிந்தது. அவள் நெற்றியைத் துடைத்தாள். பிறகு ரேடியேற்றரைப் பார்த்தாள்.

"உதை நிப்பாட்டுங்கோ அக்கா. என்னாலை உதுக்குள்ளை இருக்கேலாது."

குனிந்து வால்வைத் திருகி மூடினேன். அடுத்த அறையிலும் மூடினேன். குசினியிலும் மூடினேன். கால் மணித்தியாலத்தில் என் போன் அடித்தது, இயன். 9/3 குளிர்ந்துகொண்டு போகிறது, குழாயில் அடைப்பா என்று கேட்டான்.

"அடைப்பில்லை. நான்தான் மூடினேன்."

"இன்றைக்குத் தொட வேண்டாம் என்று சொன்னேனே. அளவு பிழையாகிவிடும்."

"பிழையாகட்டும்," என்றேன்.

நளாயினி கோட்டை எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டாள். என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. நான் உடுப்புக்கான அடுத்த அட்டைப்பெட்டியை விரித்தேன். அவள் உடுப்புகளை எடுத்துத் தந்தாள், நான் அடுக்கினேன். நாலு மணி வரை அப்படியே அடுக்கினோம்.

ஜனவரி 23, வியாழன்

எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று பக்கம். கிரெய்க் நின்றபடியே வாசித்தான்.

"இது ஏன்? முடிந்த விசயம். உன்னை ஒருவரும் குற்றம் சொல்லவில்லையே."

"ஓம், அதாலைதான்," என்றேன் தமிழில். அவனுக்கு விளங்கவில்லை.